சாக்ஸபோனும் பியானோவும் மட்டும் வைத்து ஜாஸையும் கிளாசிக்கலையும் எப்படிக் கலக்கிறார்கள்?

பரவலான ஒரு வழி இது: எழுதிவைத்த ஒரு மேற்கத்திய செவ்வியல் மெட்டை முதலில் அப்படியே வாசிப்பார்கள். அப்புறம் அதில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வர அடுக்குகளை (chords) வைத்துக்கொண்டே அந்த நிமிடத்தில் தோன்றுவதை ஜாஸ் தாளத்தில் வாசிப்பார்கள்.

சரி, டிரம்ஸ், பாஸ் எதுவும் வேண்டாமா? பியானோக்காரரின் இடது கையே அடிநாதத்தையும் தாளத்தையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் பியானோவில் தட்டிய ஸ்வரம் உடனே தேயத் தொடங்கிவிடும். சாக்ஸபோனில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் என்றாலும், மூச்சு இருக்கும்வரை அதை நீட்டலாம், வளைக்கலாம், மெல்லத் தொடங்கிப் பெருக்கலாம். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. கதை சொல்பவரும் உம் கொட்டுபவரும் மாதிரி. நடுவில் ஆள் மாறிக்கொள்வார்கள், என்னைக் கேட்டால் சுவையே அங்கேதான்.

சாக்ஸபோன் என்றாலே ஜாஸ் வாத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றது 1846இல், ஜாஸ் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே.