ஸ்கிரிப்ட் எழுதி ஒலியளவை மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸில் பைத்தான் ஸ்கிரிப்ட்டில் வால்யூமைப் பாதியாக்க −0.5 கொடுத்தேன். சத்தம் குறையவே இல்லையே?

பதில்: பைகா நூலகத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள் போல. அதில் செட்மாஸ்டர்வால்யூம்லெவல் என்ற ஃபங்ஷன் டெசிபல் (ஒலி அளவை ஒப்பிடும் அலகு) கணக்கில் வாங்கும். பெரும்பாலான கருவிகளில் 0 டெசிபல்தான் உச்சம். −0.5 என்றால் அதிலிருந்து அரை டெசிபல் குறைவு, காதுக்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது அதே பெயரின் கடைசியில் ஸ்கேலார் என்று முடியும் ஃபங்ஷன். அது 0 முதல் 1 வரை வாங்கும். 0.5 கொடுங்கள், டாஸ்க்பாரில் 50 என்று காட்டும். ஒன்று கவனம்: சத்தம் நிற்கட்டும் என்று முதல் ஃபங்ஷனில் 0 கொடுத்தால் வால்யூம் உச்சத்துக்குப் போய்விடும். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: மேக்கில்?

பதில்: ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் என்ற டெர்மினல் கட்டளையில் 'செட் வால்யூம் அவுட்புட் வால்யூம் 50'. 0 முதல் 100 வரை.

கேள்வி: லினக்ஸில் ஒரு விசையை அழுத்தினால் 5% கூடும்படி பேக்டில் (pactl) என்ற ஒலியளவுக் கட்டளையை வைத்திருக்கிறேன். 100% தாண்டியும் ஏறுகிறது.

பதில்: பேக்டில் தானாக நிறுத்தாது. பைப்வயர் என்ற ஒலி சர்வர் இருந்தால் டபிள்யூபிசிடிஎல் (wpctl) கட்டளைக்கு மாறி, −எல் 1.0 என்று வரம்பு சேருங்கள். அதுவரை ஹெட்ஃபோன் வேண்டாம்.

கேள்வி: முதல் பதிலை ஏற்க மாட்டேன். பாதி என்றால் 50%தானே, டெசிபல் எதற்கு?

பதில்: லினக்ஸின் பல்ஸ்ஆடியோ என்ற ஒலி சர்வரில் 50% வைத்து, பேக்டிலிடம் ஒலியளவைக் கேளுங்கள். பக்கத்திலேயே −18.06 டெசிபல் என்று வரும். அங்கே சதவீதம் மும்மடிக் கணக்கு: 0.5ஐ மூன்று முறை பெருக்கினால் எட்டில் ஒரு பங்கு. அலையின் வீச்சு அவ்வளவுதான். காது வீச்சை நேர்க்கணக்கில் உணர்வதில்லை, அதனால்தான் இந்த வளைவு.

கேள்வி: அப்படியென்றால் விண்டோஸின் 50%உம் அதுதானா?

பதில்: இல்லை. அங்கேயும் வளைவு உண்டு, ஆனால் அது வேறு. ஓரிடத்துச் சதவீதத்தை இன்னோரிடத்தில் அப்படியே போட்டுச் சத்தம் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். சேமித்து வைத்துத் திரும்பப் போடுவதானால், எந்த அலகில் படித்தீர்களோ அதிலேயே எழுதுங்கள்.

கேள்வி: பைகாவில் −0.3 கொடுத்தேன், குறையவில்லை.

பதில்: முதல் பதில்.

கேள்வி: டெர்மினலில் ஓடும் பேக்டில், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடவில்லை.

பதில்: கிரானுக்கு எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் (XDG_RUNTIME_DIR) என்ற சூழல் மாறி தெரியாது, அதனால் ஒலி சர்வரைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் அதை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். உங்கள் பயனர் எண் 1000 என்றால் மதிப்பு /ரன்/யூசர்/1000.

கேள்வி: −0.8 கொடுத்தாலும்...

பதில்: ஸ்கேலார்! அப்புறம், ஹெட்ஃபோனைக் கழற்றினீர்களா?