துளைக்குள் மருந்து: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நுண்துளை சிலிக்காவில் மருந்தை ஏற்றி, மெல்ல வெளியே விடுவதுதான் என் ஆய்வு. அதைப் பற்றிப் போன வாரம் நம் பாலக்காட்டுத் தமிழர் குழுவில் நாலு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை அக்கா: சிலிக்கா என்றால் மணல்தானே? மணலையா மாத்திரையில் போடுகிறீர்கள்?

பொருள் ஒன்றுதான் அக்கா, அடுக்குதான் வேறு. மணலில் அணுக்கள் வரிசை பிசகாமல் கட்டிய படிகமாக இருக்கும். குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்களின் நுரையீரலைக் கெடுப்பது அந்தப் படிகத் தூசிதான். நாங்கள் எடுப்பது படிகமாகாத சிலிக்கா. வீட்டில் இருக்கும் மாத்திரைகள் பலவற்றில் ‘கொலாய்டல் சிலிகான் டையாக்சைடு’ என்ற பெயரில் அது இருக்கும். பொடி கட்டிப்படாமல் ஓடுவதற்காகப் பல ஆண்டுகளாகச் சேர்ப்பது அது.

சித்தூர் தம்பி, பி.எஸ்சி. வேதியியல்: அவ்வளவு சிறிய துளையை எப்படிப் போடுகிறார்கள்?

துளையை யாரும் போடுவதில்லை தம்பி. துளை இருக்கவேண்டிய இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டு, பிறகு அதை எடுத்துவிடுகிறோம். ஐம்பொன் சிலை வார்க்கும்போது மெழுகில் உரு செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை ஓடவிடுவார்கள் அல்லவா, அதே வழிதான். இங்கே மெழுகுக்குப் பதில் சோப்பு வகை மூலக்கூறு. சி.டி.ஏ.பி. என்போம். தண்ணீரில் அது தானாகவே கூடிச் சின்னச் சின்னக் குச்சிகளாகும், குச்சிகள் தேன்கூட்டு அறைபோல அடுக்கி நிற்கும். அமோனியா சேர்த்த அந்தக் கரைசலில் டி.இ.ஓ.எஸ். என்ற சிலிக்கான் சேர்மத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். முதலில் கண்ணாடிபோல் இருப்பது பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால்போல் வெளுக்கும். குச்சிகளைச் சுற்றிச் சிலிக்கா படிகிறது என்று அர்த்தம். வடிகட்டி, காயவைத்து, 550 டிகிரி உலையில் வைத்தால் சோப்பு எரிந்துபோய்த் துளை மட்டும் மிஞ்சும். முதல் தடவை பொறுமையில்லாமல் உலையின் சூட்டைச் சட்டென்று ஏற்றிவிட்டேன். பொடி பழுப்பேறிப்போனது, துளைச் சுவர்களும் இடிந்துவிட்டன. நிமிஷத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றினால் பூப்போல வெள்ளையாக வரும், ஊதினால் பறக்கும்.

1992இல் மொபில் எண்ணெய் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட எம்.சி.எம்.-41 என்ற நுண்துளை சிலிக்கா இப்படிப் பிறந்ததுதான். துளை அகலம் சாதாரணமாக 2 முதல் 4 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). ஒரு கிராம் பொடியின் உட்சுவர்களை எல்லாம் விரித்தால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம்! அத்தனை இடமும் மருந்து ஒட்டுவதற்கு.

வேலந்தாவளம், மெடிக்கல் ஷாப் அண்ணா: ஏற்றிய மருந்து ஏன் உடனே கொட்டிவிடுவதில்லை?

2001இல் மாட்ரிட்டில் மரியா வாலெட்-ரெஹி குழுவினர் இதைத்தான் செய்து காட்டினார்கள். எம்.சி.எம்.-41 துளைக்குள் இபுபுரூஃபன் என்ற வலி மருந்தை ஏற்றினார்கள், அது மெல்ல மெல்ல வெளியே வந்தது. துளை குறுகலாக இருப்பது ஒரு காரணம். சுவரில் உள்ள ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதிகள் மருந்தின் அமில முனையைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. சுவரில் அமீன் என்ற காரத்தன்மையுள்ள நைட்ரஜன் தொகுதியைப் பதித்தால் அந்தப் பிடி இன்னும் இறுகும்.

நீங்கள் கவனிக்கவேண்டியது இதற்கு நேர் எதிரான பயன். தண்ணீரில் லேசில் கரையாத மருந்துகள் எத்தனையோ உங்கள் கடையிலேயே இருக்கின்றன. அந்த மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படிகமாக இத்தனை குறுகிய துளையில் இடம் கிடையாது. படிகமாகாததால், தண்ணீர் பட்டதும் சீக்கிரம் கரைகின்றன. மக்கள் கைக்கு முதலில் வரக்கூடியது இந்தப் பயன்தான் என்று நம்புகிறேன்.

வாளையார் தங்கச்சி: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. புற்றுக்கட்டியில் மட்டும் மருந்தைத் திறந்துவிடும் சிலிக்கா இருப்பதாக வீடியோ பார்த்தேன். எங்கே கிடைக்கும்?

தங்கச்சி, அது இப்போது ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சிகிச்சை இல்லை. தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வீடியோவில் சொன்ன தத்துவம் உண்மைதான். கட்டியைச் சுற்றி அமிலத்தன்மை சற்றுக் கூடுதல். துளை வாயில் ஒரு மூடி போட்டு, அமிலம் பட்டால் மட்டும் திறக்கும்படி செய்யலாம். சோதனைக்கூடத்தில் இது நன்றாக நடக்கிறது. உடம்புக்குள் போனால், இரத்தத்தில் செலுத்திய துகள்களில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்கின்றன, கட்டிக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். எங்கள் எல்லோருக்கும் தலைவலி அதுதான். அம்மாவுக்கு டாக்டர் எழுதிய கீமோவைத் தேதி தவறாமல் போடுங்கள். வாந்தியோ காய்ச்சலோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கோவிந்தாபுரம்: மருந்து போன பிறகு சிலிக்கா உடம்பிலேயே தங்கிவிடுமா?

மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரில் போகும். எத்தனை நாளில் என்பது துகளின் அளவையும் துளைச் சுவரையும் பொறுத்தது.

மீனாட்சிபுரம்: செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இதுதானா?

உறவுக்காரன்தான். அதன் துளைகள் ஒழுங்கற்றவை, அவை பிடிப்பது ஈரத்தை. நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கலாம், குழந்தைகள் கையில் கொடுக்கவேண்டாம்.

எருத்தேம்பதி, ரைஸ் மில் அண்ணா: உமிச் சாம்பலில் சிலிக்கா உண்டு என்கிறார்களே, எங்கள் பாய்லர் சாம்பல் உதவுமா?

உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் வரும். அதில் பெரும்பகுதி சிலிக்காதான். உமியை முதலில் அமிலத்தில் அலசி, 600 டிகிரியை ஒட்டி எரித்தால் வெள்ளைச் சாம்பல் கிடைக்கும். அதைக் காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் சோடியம் சிலிக்கேட், அதிலிருந்து எம்.சி.எம்.-41 செய்யலாம், பலர் செய்திருக்கிறார்கள். பாய்லரில் சூடு மிஞ்சிப்போனால் சாம்பலில் ஒரு பகுதி படிகமாக மாறிவிடும். அக்காவுக்குச் சொன்னேனே, அதே கெட்ட வகை. அதனால் ஆய்வுக்கு உங்களிடம் சாம்பலைவிட உமியைத்தான் கேட்பேன், ஒரு சாக்கு போதும். சாம்பல் அள்ளும் ஆட்களுக்குத் துண்டு கட்டுவது பத்தாது அண்ணா, என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அள்ளுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள்.