அட்டை இல்லாத பிரதி

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்கப் பல்ப் இதழ்களை, அதாவது மட்டத் தாளில் வந்த மலிவு விலைக் கதை இதழ்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளுக்காக 1930களின் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழ்களைத் தேடுகிறேன். ஆனால் அட்டைகளைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. ஆடை நழுவிய பெண்கள், சாட்டை, பலிபீடம். வீட்டில் வெளியே வைக்க முடியவில்லை. அட்டை போன பிரதிகள் மலிவாகக் கிடைக்கின்றன. கதைதானே முக்கியம், அவற்றையே வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். கதை மட்டும் போதுமென்றால் இணையத்தில் ஸ்கேன் பிரதிகள் இருக்கின்றன, காசு எதற்கு?

பல்ப் இதழின் உள்தாள் மட்டமான மரக்கூழ்த் தாள். வண்ணமும் வழவழப்பும் அட்டைக்கு மட்டும்தான். பெட்டிக்கடையில் நூறு இதழ்களுக்கு நடுவே அதுதான் வாங்குபவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். ‘வியர்ட் டேல்ஸ்’ எப்போதும் பணமுடையில் தள்ளாடிய இதழ். ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் எந்தப் படம் விற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அட்டைக் காட்சியைத் தேர்ந்தெடுத்தார். உங்கள் லவ்கிராஃப்ட் தன் பெயரில் எழுதிய கதை எதற்கும் அவர் உயிரோடு இருந்தவரை அந்த இதழில் அட்டைப்படம் அமையவில்லை. லவ்கிராஃப்ட் கதைகளில் பெண்களே அபூர்வம், பாவம். நீங்கள் கூசும் அட்டைகள் விற்றதால்தான் அவருக்கு அச்சேற ஓர் இடம் இருந்தது.

அவற்றில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ் என்ற சிகாகோ பெண்மணி. ஆடை அலங்கார விளம்பரப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர், 1932இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழுக்கு வந்தார். மொத்தம் 66 அட்டைகள், தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் 90 டாலர். ‘எம். பிரண்டேஜ்’ என்று கையெழுத்திட்டதால் ஆண் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். தங்கள் கதைக்காட்சி அட்டைக்கு வருமே என்று கதைக்குள் ஆடையற்ற பெண்ணைத் திணித்த எழுத்தாளர்களும் உண்டு. சாட்டை அட்டைகள் எனக்கும் பிடிக்காது. அலுப்பாக இருக்கின்றன. ஆனால் 1933 அக்டோபர் இதழைப் பாருங்கள். வௌவால் முகமூடி அணிந்த ஒருத்தி நேராக நம்மைப் பார்க்கிறாள். அங்கே பயப்பட வேண்டியவர் நாம்தான்.

பிரண்டேஜ் வரைந்தது பாஸ்டல் சுண்ணத்தில். தோலின் மென்மை அதனால்தான் வந்தது. விரல் பட்டால் கலைவதும் அதனால்தான். 1938இல் இதழ் நியூயார்க்குக்குப் போனபோது, அந்தப் படங்களைச் சேதமில்லாமல் அனுப்புவதே பெரும்பாடானது. போதாததற்கு நியூயார்க்கில் மேயர் லகார்டியாவின் ஒழுக்கப் பிரச்சாரம் வேறு. பிரண்டேஜின் அட்டைகள் அருகிப்போயின. மூல ஓவியங்களில் மிஞ்சியவை கொஞ்சம்தான். அச்சான அட்டையில்தான் அவர் இன்று பெரும்பாலும் இருக்கிறார். அதைக் கிழித்த பிரதியை ஏன் சேகரிப்பு என்று சொல்ல வேண்டும்?

முதலில் நகல் பதிப்பு ஒன்றை வாங்கிப் பழகுங்கள். அசல் வாங்கினால் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையில், அமிலமில்லாத கெட்டித் தாளைப் பின்னால் வைத்து, வெயில் படாமல் வையுங்கள். அந்தத் தாள் தானாகவே பழுத்து நொறுங்கும் தாள். நம் ஊர்ப் புழுக்கமும் ராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் வெளியே வைக்க முடியாத பிரச்சினையும் தீர்ந்தது.