பாரிஸ் ஹமீதுல்லாஹ்: கேள்வி பதில்

ஹைதராபாத்தில் 1908-இல் பிறந்து, பாரிஸில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்து, 2002 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் இறந்தவர் டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ். இந்த இஸ்லாமிய ஆய்வாளரைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். குவிந்துவிட்டன. பலர் கேட்ட ஒரே கேள்விக்கு ஒரு பதில்தான். ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்பவர்கள் உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் (மார்க்கப் பெரியவரிடம்) போங்கள். நான் வரலாறு படித்தவன், ஃபத்வா தரும் முஃப்தி இல்லை.

காயல்பட்டினம்: அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா காக்கா?

உண்மை. அவருடைய குடும்பம் நவாயத் என்ற முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தது. தாத்தா முஹம்மது சிப்கதுல்லா சென்னையில் காஜியாக (இஸ்லாமிய நீதிபதியாக) இருந்தவர், பெரிய ஆலிம் (மார்க்க அறிஞர்). ஆர்க்காடு நவாபுகளின் ஆதரவில் வளர்ந்த கல்விக் குடும்பம் அது. சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு ஒரு கிளை போனது, அதில் பிறந்தவர் இவர். ஆனால் உடனே 'தமிழர்' என்று போஸ்டர் அடித்துவிடாதீர்கள். வீட்டு மொழி உருது, படிப்பு மொழி அரபும் பாரசீகமும். சுவடிகள் நிறைந்த வீட்டுப் பின்னணி அவருக்குச் சென்னை வழியாக வந்தது, அவ்வளவுதான். அதுவே சிறிய விஷயம் இல்லை.

மதுரை, கல்லூரி மாணவர்: மத்ரஸாவில் ஓதியவரா, காலேஜில் படித்தவரா அண்ணே?

இரண்டும். ஹைதராபாத் ஜாமியா நிஜாமியா மத்ரஸாவில் ஓதினார். பிறகு, உருது வழியில் பாடம் நடத்திய உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., சட்டம். அப்புறம் ஜெர்மனி. பான் பல்கலைக்கழகத்தில், இஸ்லாமியச் சர்வதேசச் சட்டத்தில் நடுநிலை என்பதற்கு என்ன இடம் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம். அடுத்து பாரிஸ் சோர்போனில் இன்னொரு டாக்டர் பட்டம். அது நபிகள் காலத்திலும், அவருக்குப் பின் ஆண்ட முதல் நான்கு ‘நேர்வழி’ கலீஃபாக்கள் காலத்திலும் நடந்த தூது, ஒப்பந்தம், கடிதம் பற்றியது. வயது முப்பதைத் தொடுவதற்குள் இதெல்லாம் முடிந்துவிட்டது. ஊர் திரும்பி உஸ்மானியாவில் சர்வதேசச் சட்டம் கற்பித்தார்.

அவர் சட்டக்காரர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சீரா (நபிகள் வரலாறு) எழுதும்போதுகூட அவர் கண் போவது உடன்படிக்கையின் வாசகம், தூதருக்குக் கிடைத்த பாதுகாப்பு, போர்க்கைதியின் உரிமை ஆகியவற்றின் மேல்தான். 1941-இல் வந்த இஸ்லாமிய அரசின் நடைமுறை பற்றிய ஆங்கில நூலும், அதே ஆண்டு கெய்ரோவில் அச்சான அரசியல் ஆவணத் தொகுப்பும் அந்தக் கண்ணோடு செய்த வேலைகள்.

ஈரோடு, திண்டுக்கல், துபாய், இன்னும் பலர்: அவருக்கு எத்தனை மொழி தெரியும்?

வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணை நம்பாதீர்கள். உருது, அரபு, பாரசீகம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், துருக்கி ஆகியவற்றில் வேலை செய்தார் என்பதற்கு அவருடைய நூல்களும் வகுப்புகளுமே சாட்சி. இது போதாதா?

சென்னை: 1948-க்குப் பிறகு எந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கவில்லையாமே, ஏன் சார்?

நல்ல கேள்வி. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தபோது அதை ஆண்ட நிஜாமின் தூதுக்குழு ஒன்று பாரிஸில் இருந்தது. ஐ.நா. பாதுகாப்புச் சபை அப்போது அங்கேதான் கூடியது. அந்தக் குழுவில் சட்டம் தெரிந்தவராக ஹமீதுல்லாஹ் இருந்தார். சில நாள்களில் ஹைதராபாத் படை சரணடைந்தது. செப்டம்பர் 22 அன்று, ஐ.நா.வில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாக நிஜாமே தந்தி அடித்துவிட்டார். ஒரு நாட்டின் சார்பாகப் பேசப் போனவருக்கு அந்த நாடே இல்லாமல் போனது.

அவர் திரும்பவில்லை. பாகிஸ்தானின் அரசியலமைப்புக்கு ஆலோசனை சொல்ல அமைத்த உலமா (மார்க்க அறிஞர்கள்) குழுவுக்காகக் கராச்சி போனார், கொஞ்ச காலத்தில் பாரிஸுக்கே வந்துவிட்டார். அந்நாட்டுக் குடிமகனாகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையும் வாங்கவில்லை. அகதிகளுக்கான பயணச் சான்றோடு காலத்தைத் தள்ளினார். சர்வதேசச் சட்டம் கற்பித்த ஆள் ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக நாடற்றவராக இருந்ததில் பிடிவாதம் இருக்கிறது, ஒரு சட்ட வாதமும் இருக்கிறது என்பது என் எண்ணம். வேறொரு பாஸ்போர்ட்டை வாங்கினால் ஹைதராபாத் முடிந்தது என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா?

(இதைப் படித்துவிட்டு 'அப்படியென்றால் ரஜாக்கர்களை ஆதரிக்கிறீர்களா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நிஜாமை ஆதரித்த ஆயுதப் படையான ரஜாக்கர்கள் செய்த கொடுமைகளும், ராணுவ நடவடிக்கையைத் தொடர்ந்து முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.)

நாகூர்: கல்யாணம் ஆகவில்லையா?

இல்லை.

பெங்களூரு: அவருடைய தெளிவான போட்டோ கிடைக்குமா?

படம் எடுக்க அவர் சம்மதிப்பதில்லை. நூலைப் படியுங்கள்.

கோவை: நகைக்கு ஜகாத் கணக்கு எப்படிப் போடுவது?

ஹஜ்ரத்திடம்.

வாணியம்பாடி: நபிகள் காலத்துப் பத்ர், உஹது போர்க்களங்களை அளந்து பார்த்தார் என்பது நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம். 1930களில் ஹிஜாஸுக்குப் போய் அந்த இடங்களில் நடந்து, அளந்து, வரைபடம் போட்டார். அது 1939-இல் பிரெஞ்சில் கட்டுரையாக வந்து, பின்னர் வளர்ந்து நூலானது. மதீனாவைக் காக்க அகழ் தோண்டி நடத்திய அகழ்ப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் நாற்பது முழம் தோண்டும் வேலை என்று பழைய நூல்கள் சொல்கின்றன. ஆள் 3,000. அப்படியானால் 12,000 முழம், அதாவது ஐந்தரை, ஆறு கிலோமீட்டர். மதீனாவின் எந்தப் பக்கம் எரிமலைப் பாறை, எந்தப் பக்கம் பேரீச்சந் தோட்டம், குதிரைப்படை நுழையக்கூடிய திறந்த வெளி எங்கே என்று தரையைப் பார்த்தால் அகழ் எங்கே ஓடியிருக்கும் என்று ஊகிக்கலாம். ஏட்டில் உள்ள எண்ணைத் தரையில் வைத்துப் பார்ப்பது என்றால் இதுதான். பிற்காலத்தில் அங்கே வந்த கட்டடங்களை நினைத்தால், அப்போதே அளந்து வைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

சேலம், ஷார்ஜா, கீழக்கரை: அவர் கையால் எத்தனை ஆயிரம் பேர் இஸ்லாத்தை ஏற்றார்கள்?

மறுபடியும் எண்! அவர் எந்தச் சுவடியைப் பதிப்பித்தார் என்று இந்த மூவரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். அடுத்த கேள்வி.

மேலப்பாளையம்: அவருடைய பணிகளில் மிக முக்கியமானது எது என்பீர்கள்?

குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு (1959) என்று பலர் சொல்வார்கள். அதே ஆண்டு இரண்டு பாகமாக வந்த நபிகள் வரலாறு என்று சிலர் சொல்வார்கள். என் ஓட்டு ஒரு சின்னப் புத்தகத்துக்கு: ஹம்மாம் இப்னு முனப்பிஹின் சஹீஃபா (ஏடு).

ஹம்மாம் யமன்காரர், நபித்தோழர் அபூஹுரைராவின் மாணவர். ஆசிரியரிடம் கேட்ட 138 ஹதீஸ்களை (நபிமொழிகளை) ஓர் ஏட்டில் வைத்திருந்தார். அந்த ஏட்டின் பிரதிகள் பெர்லினிலும் டமாஸ்கஸிலும் இருந்தன. ஹமீதுல்லாஹ் இரண்டையும் ஒப்பிட்டு 1953-இல் டமாஸ்கஸ் அகாதமி இதழில் வெளியிட்டார். ஏன் இத்தனை பரபரப்பு? ஹதீஸ்களில் பெரும்பகுதி பிற்காலச் சர்ச்சைகளுக்காக உருவானவை என்று ஹங்கேரி அறிஞர் கோல்ட்சிஹர் 1890-இல் எழுதினார். 1950-இல் ஷாக்ட் என்ற அறிஞர், சட்ட ஹதீஸ்களில் அதை இன்னும் கடுமையாக வாதிட்டார். மூன்றே வருஷத்தில் ஹமீதுல்லாஹ் இந்த ஏட்டை மேஜையில் வைத்தார். இதில் உள்ளவை இமாம் அஹ்மதின் முஸ்னத் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஏறக்குறைய முழுதாக இருக்கின்றன, இமாம் புகாரியின் தொகுப்பிலும் பல இருக்கின்றன, வாசகமும் பெரிதாக மாறவில்லை என்று காட்டினார்.

கொழும்பு: ஒரு சின்ன ஆட்சேபணை நானா. அந்த இரண்டு பிரதிகளும் ஹம்மாம் கையால் எழுதியவை இல்லையே, பல நூற்றாண்டு பிந்தியவைதானே? அஹ்மதுக்கும் இது அப்துர் ரஸ்ஸாக் என்ற ஹதீஸ் அறிஞர் வழியாகத்தான் வந்தது. அப்படியிருக்க இது ஹம்மாம் காலத்துக்கு எப்படிச் சான்றாகும்?

இவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஆட்சேபணை சரியானது, சின்னதும் இல்லை. ஏட்டின் சங்கிலி இப்படிப் போகிறது: அபூஹுரைரா, ஹம்மாம், மஅமர் இப்னு ராஷித் (இறப்பு 770), அப்துர் ரஸ்ஸாக் (827). முஸ்னதும் அதே அப்துர் ரஸ்ஸாக்கிடமிருந்து எடுக்கிறது. ஆக இரண்டும் ஒத்துப்போவதால் உறுதியாவது அப்துர் ரஸ்ஸாக்கின் வாசகம்தான். அஹ்மதும் (855) புகாரியும் (870) தாமாக எதையும் புனையவில்லை, கையில் கிடைத்ததை அப்படியே கடத்தினார்கள் என்ற அளவுக்கு இது பலமான சான்று. ஹம்மாம் வரை போக இன்னும் இரண்டு படி ஏற வேண்டும்.

திருச்சி: நீங்கள் ஹதீஸையே சந்தேகிக்கிறீர்களா? இது ஓரியண்டலிஸ்ட் (மேற்கத்தியக் கீழைத்தேய ஆய்வாளர்) பேச்சு.

பொறுமையாகப் படியுங்கள் தம்பி. ஒரு சான்று எதுவரை போகும் என்று சொல்வது சந்தேகம் ஆகாது. முஹத்திஸ்கள் (ஹதீஸ் அறிஞர்கள்) இதையே தொழிலாகச் செய்தார்கள்.

கொழும்பு: அப்படியானால் அந்த இரண்டு படியை எப்படி ஏறுவது? மஅமரே எல்லாவற்றையும் தொகுத்து, ஹம்மாம் பெயரில் போட்டிருக்கலாமே?

போட்டிருக்கலாம் என்று வாதத்துக்குச் சொல்லலாம். ஆனால் அப்துர் ரஸ்ஸாக்கின் 'முஸன்னஃப்' என்ற பெருந்தொகுப்பைப் பாருங்கள். அதை 1970களின் தொடக்கத்தில் அச்சுக்குக் கொண்டுவந்தவரும் நம் நாட்டவர், ஹபீபுர் ரஹ்மான் அஃஸமி. அதை வைத்து ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் மோட்ஸ்கி 1991-இல் ஒரு நூல் எழுதினார். அவர் செய்தது எளிமையானது. ஒவ்வோர் ஆசிரியரிடமிருந்தும் வந்த செய்திகளைத் தனித்தனியாகப் பிரித்தார். ஒருவர் சொன்னதில் சொந்தக் கருத்து அதிகம், இன்னொருவரிடம் நபிமொழி அதிகம், சில இடங்களில் 'இது யாரிடம் கேட்டது என்று நினைவில்லை' என்ற ஒப்புதல்கூட இருக்கிறது. மொத்தமாகப் புனைகிற ஆள் இத்தனை விதமாக, தனக்கே பலவீனம் தரும் மாதிரி புனைவாரா என்று கேட்டார். அந்தத் தர்க்கம் மஅமருக்கும் பொருந்தும். மஅமரின் மற்ற ஆசிரியர்களிடமிருந்து வந்தவை வேறு நிறத்தில் இருக்கின்றன. ஹம்மாமிடமிருந்து வந்தவை ஒரே ஏடாக, அபூஹுரைரா ஒருவரிடமிருந்தே வருகின்றன. அதனால் ஹம்மாம் வைத்திருந்த ஏடு என்பதே இயல்பான விளக்கம் என்பது என் முடிவு. கணித நிரூபணம் இல்லை, வரலாற்று முடிவு.

கொழும்பு: அப்போது ஹமீதுல்லாஹ் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டார் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

முன்னுரையில் கொஞ்சம் கூடுதல்தான். 'உலகின் முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பு' என்று நபிகள் மதீனாவில் செய்த உடன்படிக்கையான மதீனா சாசனத்தைச் சொன்னதிலும் அப்படித்தான். அந்த ஆவணம் மிகப் பழையது என்பதைக் கடும் சந்தேகவாதிகளே ஏற்கிறார்கள். ஜெர்மன் அறிஞர் வெல்ஹவுசன் அதை 47 பிரிவுகளாக எண்ணினார், ஹமீதுல்லாஹ் சிலவற்றை உடைத்து 52 ஆக்கினார். ஆனால் கோத்திரங்களுக்கு இடையிலான உடன்படிக்கையை அரசியலமைப்பு என்று அழைப்பதில் ஒரு சட்ட ஆசிரியரின் ஆசை கலந்திருக்கிறது. பட்டத்தை விட்டுவிட்டு, யூதக் கோத்திரங்கள் பற்றிய பிரிவுகளை அவர் அலசியதைப் படியுங்கள், அங்கேதான் சரக்கு இருக்கிறது.

திருச்சி: ஒரு பெரியவரை இப்படிக் குறை சொல்லலாமா?

அவருடைய ஆதாரத்தை வைத்துத்தான் அவரோடு வாதாடுகிறோம். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கொழும்புக்காரர் தனியாக எழுதட்டும், நாளெல்லாம் பேசலாம்.

ஆம்பூர்: பிழைப்புக்கு என்ன செய்தார்? அரபு நாடுகள் பணம் கொடுத்தனவா?

1954 முதல் 1978 வரை பிரான்ஸின் தேசிய ஆராய்ச்சி மையத்தில் வேலை. இடையில் இஸ்தான்புல்லுக்கு வருகைப் பேராசிரியராகப் பல ஆண்டுகள் போய்வந்தார். துருக்கியில் ஒரு தலைமுறையே அவரிடம் படித்தது. பாரிஸில் அவர் வாழ்ந்தது மாடியில் ஓர் எளிய குடியிருப்பு. 1985-இல் பாகிஸ்தான் அரசு விருது கொடுத்தபோது பரிசுத்தொகையை இஸ்லாமாபாத் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டார். அங்குள்ள நூலகத்துக்கு இன்று அவர் பெயர்.

ராமநாதபுரம்: அவருக்கு எத்தனை மொழிகள்...

மேலே.

தஞ்சாவூர், ஆசிரியை: அவரை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் ஐயா? எனக்கு அரபு தெரியாது.

1980 மார்ச்சில் பாகிஸ்தானின் பஹாவல்பூரில் அவர் ஆற்றிய பன்னிரண்டு உரைகளிலிருந்து. உருதுவில், கையில் தாள் இல்லாமல் பேசியவை. அஃப்சல் இக்பாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1993-இல் வந்தது. குர்ஆன் தொகுப்பு, ஹதீஸ், ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்), அரசு, ராணுவம், கல்வி என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். உருது தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் மூல நூலில் உரைகளைத் தொடர்ந்து வரும் கேள்வி பதில்களை முதலில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். பெண் தொழுகை நடத்தலாமா என்ற கேள்விக்கு அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் உம்மு வரக்கா என்ற பெண்ணைப் பற்றி வரும் ஹதீஸை எடுத்துவைத்து அவர் நிதானமாகப் பேசும் இடம் அதில்தான் இருக்கிறது. அதன் சட்ட முடிவை என்னிடம் கேட்காதீர்கள், யாரிடம் போக வேண்டும் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.