50.7 விழுக்காடு பெற்றும் தோற்ற வாக்கெடுப்பு

கேள்வி: அயல்நாடுகளில் கனிமங்களைத் தோண்டியெடுக்கும் நிறுவனங்களைத் தாய்நாட்டுச் சட்டமே கட்டுப்படுத்த வேண்டும் என்று பொதுமக்கள் உண்மையிலேயே விரும்புகிறார்களா? விரும்பினால், அது ஏன் சட்டமாவதில்லை?

பதில்: இதை ஒரு நாடு தன் மக்களிடமே நேராகக் கேட்டிருக்கிறது. கிளென்கோர் போன்ற பெரும் கனிம நிறுவனங்களின் இருப்பிடமான சுவிட்சர்லாந்தில், 2020 நவம்பர் 29 அன்று அரசியலமைப்புத் திருத்த முன்மொழிவு ஒன்றின் மீது வாக்கெடுப்பு நடந்தது. சுவிஸ் நிறுவனமோ அதன் கட்டுப்பாட்டிலுள்ள துணை நிறுவனமோ வெளிநாட்டில் மனித உரிமைகளை மீறினாலும் சுற்றுச்சூழலைக் கெடுத்தாலும், பாதிக்கப்பட்டவர்கள் சுவிஸ் நீதிமன்றத்திலேயே இழப்பீடு கோரலாம் என்பதும், உரிய கவனத்தோடு நடந்துகொண்டதை நிறுவனம்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். ஆதரவாளர்கள் தங்கள் வீட்டு மாடங்களில் ஆரஞ்சு நிறப் பதாகைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாக்களித்தவர்களில் 50.7 விழுக்காட்டினர் ஆதரித்தும் அது தோற்றது. அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மக்களின் பெரும்பான்மையோடு, கேன்டன் எனப்படும் மாநிலங்களின் பெரும்பான்மையும் அங்கே தேவை. சில மாநிலங்களுக்கு அரை வாக்கே உள்ள அந்தக் கணக்கில் ஆதரவு 8½, எதிர்ப்பு 14½.

அதற்குப் பதிலாக 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆண்டறிக்கை தரும் கடமையையும், குழந்தைத் தொழிலாளர், மோதல் பகுதிக் கனிமங்கள் ஆகியவை பற்றிய கண்காணிப்பையும் மட்டுமே கேட்கிறது. ஆற்றுநீர் கெட்டுப்போனவருக்கு வழக்காடும் வழி எதையும் அது புதிதாகத் திறக்கவில்லை என்பதே என் வருத்தம்.

எதிர்த்தவர்களின் வாதங்களில் ஒன்றை மட்டும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது: ஒரு நாட்டில் நேர்ந்த தீங்கை அந்த நாட்டு நீதிமன்றம் விசாரிப்பதே முறை. கொள்கையளவில் அது சரிதான். ஆனால் ஜாம்பியாவின் சிங்கோலா பகுதியைப் பாருங்கள். குடிப்பதற்கும் பயிருக்குப் பாய்ச்சுவதற்கும் நம்பியிருந்த நீரில் செப்புச் சுரங்கக் கழிவு கலந்துவிட்டதாகக் கூறி, 1,826 கிராமவாசிகள் வேதாந்தா நிறுவனத்தின் மீதும் அதன் ஜாம்பியத் துணை நிறுவனத்தின் மீதும் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குக்கு இயல்பான இடம் ஜாம்பியாதான் என்று 2019-இல் ஒப்புக்கொண்ட பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அங்கே இந்த ஏழை மக்களுக்காக இவ்வளவு பெரிய வழக்கை நடத்தும் பணபலமும் அனுபவமும் கொண்ட வழக்கறிஞர் குழு கிடைக்காது என்பதால், வழக்கை இங்கிலாந்திலேயே நடத்த அனுமதித்தது. பொறுப்பை ஏற்காமலேயே 2021-இல் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

சுவிஸ் மக்களும் ஓய்ந்துவிடவில்லை. 2025-இல் இதே நோக்கத்துடன் புதிய முன்மொழிவு ஒன்று தொடங்கப்பட்டபோது, அதற்குத் தேவையான 1,00,000 கையெழுத்துகள் இரண்டே வாரங்களில் சேர்ந்துவிட்டன.