பாம்பு டிரம்மில், அம்மா படியில்

கேள்வி: எனக்கு வயது 28. மடிப்பாக்கத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். நாங்கள் மாடியில் இருக்கிறோம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். காட்டுயிர் மீட்பாளர்களின் வீடியோக்களைப் பார்த்து ஈர்க்கப்பட்டு, நான்கு ஆண்டுகளாகப் பாம்புகளை மீட்டு வருகிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஆக்கிரமித்து வீடு கட்டிக்கொண்டு, பாம்பு வந்துவிட்டதே என்று கூச்சலிடுகிறோம். அதன் வாழிடத்தைப் பறித்தவர்கள் நாம்தானே? இரவில் பிடிக்கும் பாம்புகளை மாடிக் குளியலறையில் ஒரு டிரம்மில் வைத்திருந்து, காலை வெளிச்சத்தில் வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டு, விடுமுறை நாளில் செங்கல்பட்டுப் பக்கம் கொண்டுபோய் விடுகிறேன். நஞ்சில்லாத பாம்புகளை மட்டுமே வீட்டில் வைப்பேன். ஆனாலும் அப்பா, "பாம்பா, நாங்களா?" என்று கேட்கிறார். அம்மாவோ டிரம் இருக்கும் இரவுகளில் மாடிக் கழிப்பறைக்கே போகாமல், மூட்டுவலியோடு படியிறங்கிப் பின்பக்கத்தில் மோட்டார் அறையை ஒட்டியிருக்கும் பழைய கழிப்பறைக்குப் போய்வருகிறார். அந்த அளவுக்கு அறியாமை. இந்தக் காரணத்தாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போய்விட்டன. வேலையை விட்டுவிட்டு அறக்கட்டளை தொடங்கி இதையே முழுநேரப் பணியாகச் செய்ய நினைக்கிறேன். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அறியாமை என்று நீங்கள் பெயரிட்டு ஒதுக்கிய அந்த ஒரு வரியை முதலில் பேசுவோம். இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்கள் அம்மா வருவது அந்த வரியில் மட்டும்தான். அதுவும் உங்கள் வழக்குக்கு ஒரு சாட்சியாக.

மூட்டுவலி உள்ள ஒரு பெண்மணி நள்ளிரவில் எழுந்து, பக்கத்திலேயே இருக்கும் கழிப்பறையை விட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு படியிறங்கி, வாடகைக்குக் குடியிருப்பவர்களின் சன்னலைக் கடந்து, மோட்டார் அறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பவும் மாடியேறுகிறார். சர்க்கரை நோய் இருந்தால் ஓர் இரவில் இரண்டு மூன்று முறைகூட இது நடக்கும். அவருக்கு அது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. படியில் விளக்கு எரிகிறதா என்றும் எழுதவில்லை. பாம்பின் வாழிடத்தைப் பறித்துவிட்டோம் என்று ஊரையே குற்றம் சாட்டுகிற நீங்கள், உங்கள் வீட்டுக்குள் உங்கள் கையாலேயே பறித்த வாழிடம் எது என்று ஒருமுறை யோசித்தீர்களா? அந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டிருப்பது உங்கள் அம்மா. அவர் யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை, கூச்சல் போடவில்லை, டிரம்மைத் தூக்கி வெளியே எறியவும் இல்லை. மகன் மனம் நோகக் கூடாதென்று தன் வழியைத் தானே மாற்றிக்கொண்டார். இதை அறியாமை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அறியாமை என்று எடுத்துக்கொண்டாலும் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இல்லை. உங்கள் பகுதியில் இரவில் பாம்பு எங்கே வரும் என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். எலி ஓடும் இடத்துக்கு வரும், தவளை இருக்கும் ஈரத்துக்கு வரும், செங்கல்லும் பழைய சாமானும் அடுக்கிவைத்த மூலைக்கு வரும். மோட்டார் அறைப் பக்கம் என்பது இவை மூன்றும் சேர்ந்த இடம். ஊரார் வீட்டுப் பின்பக்கத்தில் கிடந்த பாம்பைப் பத்திரமாக மாடிக்கு ஏற்றிவிட்டு, மாடியில் இருந்த தாயைச் சொந்த வீட்டுப் பின்பக்கத்துக்கு நள்ளிரவில் இறக்கிவிட்டிருக்கிறீர்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு; அதன் கடியில் பெரும்பாலும் வலியும் வீக்கமும் இருக்காது, பல் பதிந்த தடம்கூடச் சரியாகத் தெரியாது, சில மணி நேரத்தில் இமை தொங்கி மூச்சு அடங்கத் தொடங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. வீடியோவில் அடிக்கடி நீங்களே சொல்வதாக இருக்கும்.

நஞ்சில்லாதவற்றை மட்டுமே வைப்பேன் என்கிறீர்கள். சாரைப்பாம்பு விஷயத்தில் நம்புகிறேன். ஆனால் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் நஞ்சுள்ள கட்டுவிரியனையும் டார்ச் வெளிச்சத்தில் மாற்றிப் பார்த்துவிடுவது பழகியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. இதற்கு முன் பிழைத்தோம் என்பது ஒரு சான்று ஆகாது.

அடுத்து, அந்த டிரம் இரவு முழுவதும் ஏன் குளியலறையில் இருக்கிறது என்ற கேள்வி. இருட்டில் வீடியோ நன்றாக வராது என்பதால் இருக்கிறது. இதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதியதை நீங்களே கவனிக்கவில்லை. அதன் பிறகும் விடுமுறை நாள் வரும்வரை, சில வேளை மூன்று நாட்களும் நான்கு நாட்களும், அந்தப் பிராணி பிளாஸ்டிக் சுவருக்குள் சுருண்டு கிடக்கிறது. பிறகு செங்கல்பட்டு. தனக்குப் பழக்கமான எல்லையிலிருந்து வெகுதொலைவில் கொண்டுபோய் விடப்படும் பாம்பு, வளை தெரியாமல், இரை கிடைக்கும் இடம் தெரியாமல் அலைந்து திரிந்து, சாலையில் நசுங்கியோ வேறொன்றின் வாயில் விழுந்தோ சாவதற்கான வாய்ப்பு மிகுதி என்பதைப் பாம்பியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பிடித்த இடத்துக்கு அருகிலேயே, அன்றே, தகுந்த புதர்ப்பகுதியில் விடுவதுதான் அதற்குச் செய்யும் உதவி. ஆக, அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்துப் பாம்புக்காவது நன்மை செய்தீர்களா என்றால், அதுவும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அறக்கட்டளை தொடங்கப்போவதாகச் சொல்கிறீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிடிப்பதும் வேட்டை என்பதற்குள்தான் அடங்கும். பிடித்தவரின் மனம் நல்ல மனமா என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. காட்டுயிர் ஒன்று ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ தெரிவித்தாக வேண்டும். பிரிவு 39 அதை அரசின் உடைமை என்கிறது. 2022இல் நிறைவேறிய திருத்தம் பொதுவான குற்றங்களுக்கான அபராதத்தின் உச்சவரம்பை 25 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. மூன்று நாள் டிரம்மில் வைத்திருந்ததற்கான சாட்சியத்தை நீங்களே நாள், நேரத்தோடு இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறீர்கள். வழக்கு என்று வந்தால் கிண்டியில் உள்ள வனத்துறை அலுவலகத்தின் வாசலில் உட்காரப்போவது யார்? புரியவைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய அதே இருவர்தான்.

எனக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் புதியவை அல்ல. முன்பெல்லாம் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் மாமியாரைப் பற்றி மருமகள்கள் எழுதுவார்கள். இப்போது பிள்ளைகளே பெற்றோரைப் பற்றி எழுதுகிறார்கள். எல்லாக் கடிதங்களிலும் ஒரே நம்பிக்கை ஓடுகிறது: வாயில்லாத உயிருக்கு இரங்குகிறவன் உயர்ந்தவன், ஆகவே வீட்டில் இருப்பவர்கள் அவனுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். நான் இதை ஏற்பதில்லை. பெற்றவளின் முழங்காலை மிதித்துக்கொண்டு செய்கிற ஜீவகாருண்யம் எனக்குப் புரியாத ஒன்று. கடமைக்கு ஒரு வரிசை உண்டு. அது வீட்டில் தொடங்கித்தான் வெளியே போகும். பழங்காலத்துப் பேச்சு என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் போங்கள்.

நீங்கள் ஈர்க்கப்பட்டதாகச் சொல்லும் பணி, இந்த ஊரில் எப்படி நடந்திருக்கிறது என்று பாருங்கள். பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1970களில் கிண்டியில் பாம்புப் பண்ணையையும், பிறகு வடநெம்மேலியில் முதலைப் பண்ணையையும் ஏற்படுத்தியபோது, அவற்றை ஊரே வந்து பார்க்கும் இடங்களாக, கணக்கும் காவலும் உள்ள இடங்களாக ஏற்படுத்தினார். பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு இழந்த இருளர்களுக்காக 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அவர்கள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்து, சங்க வளாகத்தில் மண்பானைகளில் துணி கட்டி வைத்திருந்து, சில வாரங்கள் நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு அந்தப் பானைகளிலிருந்துதான் போகிறது. பரம்பரையாகப் பாம்பறிந்தவர்களே அனுமதியும் பதிவேடும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன் 2017இல் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துத்தர அந்த இருவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். இந்தக் கதையில் உங்களை ஈர்த்தது பாம்பு பிடிக்கும் கொக்கி மட்டும்தான். பதிவேடு உங்கள் கண்ணில் படவேயில்லை.

கடற்கரைப் பக்கம் போனால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1988இலிருந்து மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவெல்லாம் மணலில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்டுச் சென்ற முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காத்துவருகிறார்கள். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை இருக்கும். ஏறத்தாழ ஏழு வாரம் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்ததும் தாமதிக்காமல் கடலில் விட்டுவிடுகிறார்கள். ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, எந்தக் குஞ்சு பிழைத்தது என்று அவர்களுக்குத் தெரியப்போவதும் இல்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. அழுகிய அந்த உடல்களை எண்ணிக் குறித்துவைப்பதும் இந்தப் பணியில் சேர்ந்ததுதான். அதை யாரும் காலை வெளிச்சத்துக்காகக் காத்திருந்து வீடியோ எடுப்பதில்லை.

ஆகவே, வேலையை விடாதீர்கள். மீட்புப் பணி சம்பளம் தராது. நன்கொடையை நம்பிப் பிழைக்கத் தொடங்கினால் நன்கொடையைக் கொண்டுவரும் வீடியோவுக்காகப் பாம்பு பிடிக்க நேரும், ஏற்கெனவே பாதித் தூரம் போய்விட்டீர்கள். வனத்துறைக்கு எழுதிக் கேளுங்கள். பயிற்சியும் முறையான அனுமதியும் கிடைக்கும்வரை கொக்கியைத் தொடாதீர்கள். உங்களை அழைப்பவர்களுக்கு வனத்துறை, தீயணைப்புத்துறை எண்களைக் கொடுங்கள். அழைப்புகளில் பல, பாம்பைப் பிடிக்கவே தேவையில்லாதவை என்று உங்களுக்குத் தெரியும்: எட்ட நின்றால் பாம்பு தானாகவே போய்விடும், பிறகு இடிபாடுகளை அகற்றி, எலி வளையை அடைத்தால் போதும். அதைத் தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், மந்திரிக்கப் போகாமல், உடனே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். வார இறுதி இரவுகளில் கை சும்மா இருக்க மறுத்தால் ஆமை நடைக்குப் போங்கள். அங்கே உங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது.

டிரம்மைப் பொறுத்தவரை பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. உள்ளே ஏதேனும் இருந்தால் இன்றே வனத்துறையிடம் ஒப்படையுங்கள். குளியலறையை நீங்களே பினாயில் ஊற்றிக் கழுவுங்கள், வேலைக்காரம்மாவிடம் விடாதீர்கள். அதன்பிறகு அம்மாவிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், "டிரம் இனி வராது" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் உடனே நம்பமாட்டார், சில நாட்கள் கீழேதான் போவார். அதுவரை படியிலும் மோட்டார் அறைப் பக்கமும் விளக்குப் போட்டு, அங்கே கிடக்கும் செங்கல்லையும் அள்ளிவிடுங்கள். அப்பா கேட்ட கேள்வி மோசமான கேள்விதான். பிள்ளையிடம் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது. ஆனாலும் நான்கு ஆண்டுகள் பொறுத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்.

புரியவைப்பது எப்படி என்று கேட்டீர்கள். அவர்களுக்குப் புரியாதது எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, வரன். பெண் வீட்டாரிடம் இதை மறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பாம்பு பிடிப்பவன் என்பதையும், அனுமதி பெற்றுத்தான் போவேன் என்பதையும், எதையும் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டேன் என்பதையும் அந்தப் பெண்ணிடமே நேரில் சொல்லுங்கள். கேட்டுவிட்டு மறுத்தால் அது அவள் உரிமை. இந்த மூன்றில் பின்னிரண்டையும் இன்றைய தேதியில் உங்களால் உண்மையாகச் சொல்ல முடியாது. எனவே தை மாதம் வரை ஜாதகம் எதையும் எடுக்கவேண்டாம் என்று நீங்களே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் அதையும் சொல்லுங்கள்.