ஆறு பேர் சேர்ந்து ஒரு கோளை வரைவது எப்படி?

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், ஒரே கற்பனைக் கோளை வைத்து அறிவியல் புனைகதைகள் எழுதுகிறோம். ஆரம் 5,400 கி.மீ., ஒரு நாளுக்கு 26 மணி நேரம், காற்று மண்டலம் பூமியைப் போன்றது. வரைபடத்தைச் செவ்வகங்களாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வரைந்தோம். சேர்த்துப் பார்த்தால் ஆறுகள் எல்லையில் அறுந்து நிற்கின்றன. ஒருவர் கதையில் மூன்று நாள் பயணம், இன்னொருவர் கதையில் ஆறு நாள். எங்கே தவறினோம்?

பதில்: ஆறுகள் அறுந்ததற்குச் செவ்வகங்கள்தான் காரணம். கண்டங்களின் கரையையும் மலைத்தொடர்களையும் ஆறு பேரும் உட்கார்ந்து சேர்ந்தே வரையுங்கள். பிறகு வடிநிலம் வடிநிலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆறும் அதில் கலக்கும் துணையாறுகளும் ஒருவர் பொறுப்பு. இருவருக்கு நடுவே எல்லை மலைமுகடு. முகட்டைத் தாண்டி ஆறு ஓடாது என்பதால் அறுந்து நிற்க இடமே இருக்காது.

பயணக் குழப்பம் வேறு. ஆரத்தை 0.01745ஆல் (π ÷ 180) பெருக்கினால், உங்கள் நிலநடுக்கோட்டில் ஒரு பாகை சுமார் 94 கி.மீ. என்று வரும். 60 பாகை அட்சரேகையில் அதே தீர்க்கரேகை இடைவெளி 47 கி.மீ.தான். செவ்வகப் படத்திலோ இரண்டும் ஒரே அகலம். 60 பாகை வடக்கில், 30 பாகை இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களைப் படத்தில் அளந்தவருக்கு 2,800 கி.மீ. கிடைத்திருக்கும். கோளத்தின் மேல் அது 1,400தான். மூன்று நாள் ஆறு நாளானது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் படத்தை ஆதாரமாக வைக்காதீர்கள். ஆதாரம் ஓர் அட்டவணையாக இருக்கட்டும்: ஊரின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், எந்தக் கதையில் வருகிறது, முடிவானதா தற்காலிகமா. கதையில் வெளியான இடம் நகராது. மற்றதை யாரும் மாற்றக் கேட்கலாம். தூரத்தை எப்போதும் பாகைகளிலிருந்தே கணக்கிடுங்கள். பொதுப் படம் அகலம் உயரத்தைப் போல இரு மடங்காக, 7,200 × 3,600 பிக்சல் இருந்தால் போதும். நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சல் 4.7 கி.மீ. அதை நாசாவின் இலவச மென்பொருளான ஜி.புரொஜெக்டரில் போட்டுத் துருவத்துக்கு மேலிருந்து பாருங்கள். துருவப் பக்கம் வரைந்தவரின் தீவுகள் நசுங்கிக் கிடப்பது அப்போதுதான் தெரியும். கணினியில் கொஞ்சம் பழக்கமுள்ளவர் குழுவில் இருந்தால் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இன்னும் நல்லது. கோளின் ஆரத்தையே அதில் கொடுக்கலாம்.

தீர்க்கரேகையின் சுழியம் எங்கே என்பதில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். செவ்வாய்க் கோளில் ஏரி-0 (Airy-0) என்ற சின்னக் கிண்ணக்குழியை வைத்துத்தான் அதைக் குறித்தார்கள். ஒரு மலையுச்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே போங்கள்.

காற்றை மட்டும் தனித்தனியே முடிவு செய்யாதீர்கள். பூமியில் வெப்ப மண்டலத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. 30 முதல் 60 பாகை வரை மேற்கிலிருந்து. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைப் பாருங்கள். காற்று மோதும் பக்கம் மழை, மறுபக்கம் வறட்சி. வெப்ப மண்டலத்தில் அதன் கிழக்குச் சரிவு அமேசான் காடு, மேற்கே அட்டகாமா பாலைவனம். அதே தொடர் தெற்கே படகோனியாவுக்கு வந்ததும் மேற்கில் சிலியின் ஈரக்காடு, கிழக்கில் வறண்ட புல்வெளி என்று தலைகீழாகிறது. உங்கள் நாள் 26 மணி நேரம், பூமியின் சுழற்சியை ஒட்டியதே என்பதால் இந்தக் காற்றுப் பட்டைகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நீண்ட தொடர் ஒன்று இரண்டு பேர் பகுதியில் போனால், மழை மறைவுப் பகுதி, அதாவது மழை எட்டாத வறண்ட சரிவு, எந்தப் பக்கம் என்பது எழுத்தாளர் விருப்பம் அல்ல, அட்சரேகை சொல்வது.

பெயர்களுக்கும் ஒரு முறை வையுங்கள். வெள்ளிக் கோளின் நிலப்பகுதிகளுக்குச் சில விதிவிலக்குகள் தவிர எல்லாமே பெண் பெயர்கள். பகுதிக்கொரு வகைப் பெயர் என்றால், பெயரைக் கேட்டதுமே வாசகருக்குத் திசை புரியும்.

இப்போதைய ஆறு படங்களையும் தூக்கிப் போட வேண்டாம். அவற்றிலிருந்து கதையில் ஏற்கனவே வந்துவிட்ட ஊர்களை மட்டும் அட்டவணையில் ஏற்றுங்கள், பயண நாட்கள் ஒத்துவரும்படி தீர்க்கரேகைகளைத் திருத்துங்கள், பிறகு கரையோரத்தை அந்த ஊர்களைச் சுற்றி வரையுங்கள். எந்தக் கதையும் போகாத பரப்பு வெறுமையாகவே இருக்கட்டும்; ஏழாவது ஆள் சேர வந்தால் கொடுக்க இடம் வேண்டுமே.